தனியாகவா, ரூம்மேட்டோடா? சென்னையில் வீடு எடுக்கும் முன் போட வேண்டிய கணக்கு

படிப்பு முடிந்து சோழிங்கநல்லூரிலோ சிறுசேரியிலோ கிண்டியிலோ அம்பத்தூரிலோ வேலை கிடைத்து ஊரிலிருந்து பையோடு சென்னைக்கு வந்து இறங்குகிற எல்லோருக்கும் முதல் மாதத்திலேயே இந்தக் கேள்வி வந்துவிடும். தனியாக ஒரு சிங்கிள் பெட்ரூம் எடுத்துவிடலாமா, இல்லை யாரையாவது சேர்த்துக்கொண்டு பெரிய வீடாகப் பார்க்கலாமா? பெரும்பாலானவர்கள் வாடகையை இரண்டால் வகுத்துப் பார்த்து, வருகிற தொகை பிடித்திருந்தால் சேர்ந்து போய்விடுகிறார்கள். சிலர் "எனக்கு யாரோடும் ஒத்துவராது" என்று சொல்லி, சம்பளத்தில் பெரிய பங்கைக் கொடுத்துத் தனியாகப் போய்விடுகிறார்கள். இரண்டும் சரியான முடிவாக அமையலாம். ஆனால் இரண்டையுமே நல்ல மாதத்தை மனதில் வைத்து எடுக்கிறார்கள். நான் சொல்ல வருவது ஒன்றுதான், கெட்ட மாதத்தை வைத்துக் கணக்குப் போடுங்கள். ரூம்மேட் திடீரென்று பெங்களூருக்கு மாற்றலாகிப் போகிற மாதம், நீங்கள் காய்ச்சலில் எழுந்திருக்க முடியாமல் கிடக்கிற வாரம், சம்பளம் தள்ளிப்போகிற தேதி, தெருவில் முழங்கால் அளவு தண்ணீர் நிற்கிற நாள் என்று யோசித்துப் பாருங்கள். இவற்றை எந்த வீட்டில் இருந்தால் உங்களால் தாண்ட முடியுமோ அந்த வீட்டைப் பாருங்கள்.

வந்ததும் வீடு எடுக்காதீர்கள்

இரண்டு மூன்று மாதம் ஒரு பி.ஜி.யில், அதாவது மாதப் பணம் கட்டித் தங்கிச் சாப்பிடுகிற விடுதியில் இருங்கள். சாப்பாடு சுமாராக இருக்கும், ஒரே சாம்பாரை வேறு வேறு பெயரில் ஊற்றுவார்கள், பரவாயில்லை. புதிதாகச் சேர்ந்தவர்களை முதலில் பயிற்சிக்கு ஒரு இடம், பிறகு புராஜெக்டுக்கு வேறு இடம் என்று அனுப்புவது ஐ.டி. கம்பெனிகளில் சாதாரணம். சிறுசேரி என்று நம்பி அதன் பக்கத்திலுள்ள நாவலூரில் அட்வான்ஸ் கொடுத்த பிறகு அம்பத்தூருக்குப் போகச் சொன்னால் ஊரின் ஒரு முனையிலிருந்து இன்னொரு முனைக்குத் தினமும் போய்வர வேண்டியிருக்கும். பி.ஜி.யில் பெரும்பாலும் ஒரு மாதத் தொகைதான் அட்வான்ஸாகக் கேட்பார்கள், அதனால் கிளம்புவது சுலபம்.

பி.ஜி.யில் டபுள் ஷேரிங் எடுப்பதில் இன்னொரு லாபமும் இருக்கிறது. ஒரே அறையில் இன்னொருவரோடு தூங்கி எழுந்தால் உங்களுக்கு எது தாங்கும், எது தாங்காது என்பது வீட்டுக்கு அட்வான்ஸ் கொடுக்கும் முன்பே தெரிந்துவிடும். இரவு ஒரு மணிக்கு லைட் எரிந்தால் தூங்க முடிகிறதா, உங்கள் சோப்பை அவர் எடுத்தால் கோபம் வருகிறதா, அவர் ஊருக்குப் போன சனி ஞாயிறுகளில் அறை நிம்மதியாக இருக்கிறதா அல்லது வெறிச்சென்று இருக்கிறதா என்பதைக் கவனியுங்கள். குறிப்பாக அந்தக் கடைசிக் கேள்வி. ஒருவருடைய குணத்தைப் பற்றி அவரே சொல்வதைவிட ஒரு தனிமையான ஞாயிற்றுக்கிழமை அதிகம் சொல்லிவிடும்.

பெண்கள் விடுதி பார்க்கும்போது ஒன்றை மட்டும் கேட்டே ஆக வேண்டும். தமிழ்நாட்டில் பெண்கள் விடுதிகளுக்கென்று 2014-இல் வந்த தனிச் சட்டமே இருக்கிறது, அதன்படி உரிமம் பெற்றுத்தான் நடத்த வேண்டும். உரிமம் இருக்கிறதா என்று கேட்கக் கூச்சப்படாதீர்கள். வேலைக்குப் போகிற பெண்களுக்காக அரசே நடத்துகிற தோழி விடுதிகள் தாம்பரம், அடையாறு, கூடுவாஞ்சேரி போன்ற இடங்களில் இருக்கின்றன. இடம் கிடைத்தால் வீடு தேடுகிற அவசரமே போய்விடும், நிதானமாக முடிவெடுக்கலாம்.

வாடகையைப் பாதியாக்குவது முழுக் கணக்கு ஆகாது

இங்கேதான் நிறையப் பேர் தவறுகிறார்கள், அதனால் கொஞ்சம் பொறுமையாகப் பார்ப்போம். ஒரு எடுத்துக்காட்டுக்கு, நீங்கள் பார்க்கிற ஏரியாவில் சிங்கிள் பெட்ரூம் 12,000 ரூபாய், டபுள் பெட்ரூம் 18,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். உங்கள் ஏரியாவில் கூடலாம் குறையலாம், கணக்குப் போடும் முறையை மட்டும் பிடித்துக்கொள்ளுங்கள். "18,000-இல் பாதி 9,000, ஆக எனக்கு 9,000 மிச்சம்" என்று நினைத்தால் தப்பு. தனியாக இருந்தால் நீங்கள் 18,000 ரூபாய் வீட்டை எடுக்கப்போவதே இல்லையே, 12,000 ரூபாய் வீட்டைத்தானே எடுப்பீர்கள். ஆக, உண்மையில் மிச்சமாவது மாதம் 3,000, வருடத்துக்கு 36,000.

இப்போது அந்தக் கெட்ட மாதத்தை உள்ளே கொண்டுவாருங்கள். ரூம்மேட் கிளம்பிவிட்டார், புது ஆள் கிடைக்க இரண்டு மாதம் ஆகிறது என்றால் அவர் பங்கு 9,000 வீதம் 18,000 உங்கள் கையிலிருந்து போகும். ஒரு வருடம் சேர்ந்து இருந்து மிச்சப்படுத்தியதில் பாதி அங்கேயே கரைந்துவிட்டது. அதோடு, அட்வான்ஸ் ஐந்து மாதம் என்றால் மொத்தம் 90,000, அதில் அவர் பங்கு 45,000. கிளம்புகிறவர் அந்தப் பணத்தை ஹவுஸ் ஓனரிடம் கேட்க மாட்டார், உங்களிடம்தான் கேட்பார். ஓனரோ வீட்டை மொத்தமாகக் காலி செய்தால்தான் கொடுப்பேன் என்பார். நடுவில் நீங்கள். அந்த நேரத்தில் உங்கள் அக்கவுண்டில் பணம் இல்லையென்றால் நட்பும் போகும், நிம்மதியும் போகும்.

அதனால் சேர்ந்து இருப்பதாக முடிவெடுத்தால் ஒரு விதி வைத்துக்கொள்ளுங்கள். முழு வீட்டு வாடகையையும் இரண்டு மாதத்துக்கு நீங்கள் ஒருவரே கட்டுகிற அளவு பணம் வங்கியில் இருந்தால்தான் அந்த வீட்டில் கையெழுத்துப் போட வேண்டும். இல்லையென்றால் அதைவிடச் சின்ன வீடு பாருங்கள், அல்லது பி.ஜி.யிலேயே இன்னும் நாலு மாதம் இருந்து சேர்த்துவிட்டு வாருங்கள். தனியாகப் போகிறவர்களுக்கு என் விதி வேறு. வாடகை, மெயின்டெனன்ஸ், ஈ.பி. பில், இன்டர்நெட் எல்லாம் சேர்த்துக் கைக்கு வருகிற சம்பளத்தில் மூன்றில் ஒரு பங்கைத் தாண்டினால் அந்த வீடு உங்களுக்கு இப்போது வேண்டாம். ஊருக்குப் பணம் அனுப்புகிறவர்கள், கல்விக் கடன் கட்டுகிறவர்கள், அதைக் கழித்துவிட்டு மீதியில் மூன்றில் ஒரு பங்கு பாருங்கள். வீட்டுக்கு அனுப்புகிற பணத்தை மறந்துவிட்டு வாடகைக் கணக்குப் போட்டு, ஆறாவது மாதத்தில் கிரெடிட் கார்டில் மளிகை வாங்குகிற நிலைக்கு வந்தவர்களை எனக்குத் தெரியும், பார்க்கவே மனசு கஷ்டமாக இருக்கும்.

மூன்று பேர் சேர்ந்தால் கதை மாறும். அதே டபுள் பெட்ரூமில் மூன்று பேர் என்றால் ஆளுக்கு 6,000, தனியாக இருப்பதற்கும் இதற்கும் நேர்பாதி வித்தியாசம். ஒருவர் போனாலும் மீதி இரண்டு பேர் 9,000 வீதம் சமாளித்துவிடலாம். பணம்தான் உங்களுடைய முதல் பிரச்சினை என்றால் இரண்டு பேரைவிட மூன்று பேர் நல்லது. ஆனால் ஒருவர் ஹாலில் படுக்க வேண்டியிருக்கும் அல்லது இருவர் ஒரு அறையில் இருக்க வேண்டியிருக்கும், அப்படி இருப்பவருக்கு வாடகையைக் குறைத்துக் கொடுக்க வேண்டும் என்பதை முதல் நாளே பேசிவிடுங்கள்.

மற்ற செலவுகளில் எது பங்கு பிரிகிறது, எது பிரியவில்லை என்றும் பார்க்க வேண்டும். இன்டர்நெட்டும் மெயின்டெனன்ஸும் வீட்டுக்கு இவ்வளவு என்று இருப்பதால் ஆள் சேரச் சேரக் குறையும். ஓ.எம்.ஆர். (பழைய மகாபலிபுரம் சாலை) பக்கத்து அபார்ட்மென்ட்களில் லாரித் தண்ணீர் வாங்குகிற மாதங்களில் மெயின்டெனன்ஸ் எகிறும், தனியாக இருப்பவர் அதை முழுசாகச் சுமக்க வேண்டும். சமையலுக்கு ஒரு அக்காவை வைப்பது இரண்டு மூன்று பேர் இருந்தால்தான் கட்டுப்படியாகும்.

கரண்ட் பில் மட்டும் நேர்மாறு. நம் மின்கட்டணம் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை கணக்கிடப்படுகிறது, வீட்டு இணைப்புக்கு முதல் 100 யூனிட் இலவசம், மேலே போகப்போக யூனிட் விலை ஏறும், 500 யூனிட்டைத் தாண்டினால் இன்னும் அதிகமாகும். ஒருவராக, ஏ.சி.யைக் கொஞ்சமாகப் போட்டு இருந்தால் குறைந்த விலைப் படியிலேயே முடித்துக்கொள்ளலாம். ஏப்ரல், மே மாதங்களில் இரண்டு அறையிலும் ஏ.சி. ஓடினால் இரண்டு பேர் சேர்ந்து மேல்படிக்குப் போய்விடுவீர்கள், அப்போது பில்லைப் பாதியாக்கினாலும் தனியாக இருந்தபோது கட்டியதைவிட ஆளுக்கு அதிகம் வரலாம். இதில் இன்னொன்று, சில ஓனர்கள் தங்கள் இணைப்பிலிருந்தே கரண்ட் கொடுத்து, அதை அளக்க சப்-மீட்டர் வைத்து யூனிட்டுக்கு ஒரே விலை என்று வாங்குவார்கள். அப்படி என்றால் அந்த 100 இலவச யூனிட்டோ குறைந்த விலையோ உங்களுக்கு வராது. வீடு பார்க்கும்போதே உங்கள் பங்குக்குத் தனி ஈ.பி. இணைப்பு இருக்கிறதா என்று கேளுங்கள், முந்தைய கோடைகால பில்லையும் காட்டச் சொல்லுங்கள்.

அப்புறம் தூரம். பணத்தைப் பற்றிப் பேசும்போது எல்லோரும் மறந்துவிடுவது இதைத்தான். தனியாக இருக்க வேண்டும் என்பதற்காகக் குறைந்த வாடகை தேடி வண்டலூர் தாண்டிப் போய், அங்கிருந்து தினமும் தரமணிக்கு வந்துபோனால் உங்கள் நாளில் மூன்று மணி நேரம் பஸ்ஸிலும் டிராஃபிக்கிலும் போய்விடும். அதே பணத்தில் ஒருவரைச் சேர்த்துக்கொண்டால் வேளச்சேரியிலோ பெருங்குடியிலோ இருக்கலாம். வீட்டில் தனிமை வேண்டும் என்றுதான் தனியாகப் போகிறீர்கள், அந்த வீட்டில் இருக்கவே நேரம் இல்லையென்றால் எதற்கு அது?

யாரோடு என்பதுதான் பெரிய கேள்வி

சேர்ந்து இருப்பது நல்லதா கெட்டதா என்பதில் பாதிக்கு மேல் எதிரில் இருக்கிற ஆளைப் பொறுத்தது. என் அனுபவத்தில், ஒரே டீமில் வேலை செய்கிறவரோடு வீடு எடுப்பது சரிவராது. ஆபீஸ் சண்டை வீட்டுக்கு வரும், வீட்டுச் சண்டை ஆபீஸுக்குப் போகும், அப்ரைசல் மாதத்தில் சமையலறையில் முகம் கொடுத்துப் பேச முடியாது. காலேஜ் நெருங்கிய நண்பனோடு இருப்பது நன்றாகத்தான் இருக்கும், ஆனால் "மச்சான், போன மாச ஈ.பி. பணம் நீ இன்னும் தரல" என்று கேட்க வாய் வராது, அது உள்ளே உள்ளே கிடந்து ஒருநாள் வேறு ஏதோ விஷயத்தில் வெடிக்கும். சொந்தக்காரப் பையன் என்றால் அதைவிடக் கஷ்டம், நீங்கள் எத்தனை மணிக்கு வந்தீர்கள் என்பது மறுநாள் காலை சித்தி வரைக்கும் போயிருக்கும். நான் நல்லது என்று சொல்வது நண்பனின் நண்பனை. அவரைப் பற்றி விசாரிக்க ஒரு ஆள் இருக்கிறார், அதேநேரம் பணத்தை நேராகப் பேசுகிற அளவு இடைவெளியும் இருக்கிறது.

ஆளைப் பார்க்கும்போது டீக்கடையில் மட்டும் சந்தித்துவிட்டு வராதீர்கள். அவர் இப்போது இருக்கிற அறைக்கே ஒருமுறை போய்ப் பாருங்கள். சிங்க்கில் பாத்திரம் எத்தனை நாளாகக் கிடக்கிறது, பாத்ரூம் எப்படி இருக்கிறது, தரையில் ஈரத் துண்டு கிடக்கிறதா என்பதைப் பார்த்தால் போதும், சுத்தத்தைப் பற்றி ஒரு கேள்வியும் கேட்க வேண்டாம். அங்கே கூட இருப்பவர்கள் அவரிடம் எப்படிப் பேசுகிறார்கள் என்பதையும் கவனியுங்கள்.

கேட்டே ஆக வேண்டிய சில விஷயங்கள் இருக்கின்றன. ஷிஃப்ட் முதலாவது. அமெரிக்க நேரத்துக்கு வேலை செய்கிறவர் விடியற்காலை நாலு மணிக்கு வந்து சாப்பாடு சூடு பண்ணுவார், நீங்கள் ஏழு மணிக்கு மிக்ஸி போடுவீர்கள், இரண்டு பேருமே நல்லவர்கள்தான், ஆனால் ஆறு மாதத்தில் ஒருவர் மேல் ஒருவருக்கு எரிச்சல் வந்துவிடும். தனித்தனி அறையும் கதவும் இருந்தால் சமாளிக்கலாம், ஒரே அறை என்றால் வேண்டாம். வீட்டிலிருந்து வேலை செய்கிறவரா, நாள் முழுக்கப் போனில் பேசுகிறவரா என்றும் கேளுங்கள். சமையலறையில் அசைவம் சமைக்கலாமா, குடிப்பது புகைப்பது எல்லாம் வீட்டுக்குள்ளா வெளியிலா, நண்பர்கள் வந்தால் ஒரு ராத்திரி தங்கலாமா ஒரு வாரம் தங்கலாமா, காதலனோ காதலியோ வருவதில் உங்கள் இருவருக்கும் என்ன கருத்து, ஊரிலிருந்து அப்பா அம்மா வந்து பத்து நாள் தங்கினால் பரவாயில்லையா என்பதையெல்லாம் நேராகக் கேளுங்கள். கேட்பதற்குச் சங்கடமாக இருக்கிறதா? கேட்காமல் ஒரே வீட்டுக்குள் போவது இதைவிடச் சங்கடம்.

முந்தைய வீட்டை ஏன் விட்டார் என்ற கேள்விக்கு வருகிற பதிலைக் கவனமாகக் கேளுங்கள். கூட இருந்த மூன்று பேருமே மோசம் என்று சொல்கிறவரிடம் நான் ஜாக்கிரதையாக இருப்பேன். "எனக்கும் அவனுக்கும் பாத்திரம் கழுவுவதில் ஒத்துவரவில்லை, எனக்கு அழுக்கு ஆகாது" என்று தெளிவாகச் சொல்கிறவரோடு இருக்கலாம், ஏனென்றால் அவருக்குத் தன்னைத் தெரிந்திருக்கிறது.

தனியாக இருப்பதில் என்ன இருக்கிறது

தனியாக இருப்பது ஒரு பெரிய சுகம், அதை நான் மறுக்கவே மாட்டேன். கதவைச் சாத்தினால் அந்த வீட்டில் எல்லாமே நீங்கள் வைத்த இடத்தில் இருக்கும். பெரிய குடும்பத்தில், ஒரே ஹாலில் எல்லோரும் வரிசையாகப் பாய் விரித்துத் தூங்கி வளர்ந்த ஒருவருக்கு, குறிப்பாக வீட்டில் தனக்கென்று ஒரு அலமாரிகூட இல்லாமல் வளர்ந்த பெண்களுக்கு, சொந்தச் சம்பளத்தில் சொந்தச் சாவியோடு ஒரு வருடமாவது இருந்து பார்ப்பது வாழ்க்கை முழுக்க உதவும். பணம் அனுமதித்தால் செய்யுங்கள், யாரும் குறை சொன்னால் விடுங்கள்.

ஆனால் சாப்பாட்டைப் பற்றி உங்களிடம் நீங்களே உண்மையாக இருக்க வேண்டும். ஒருவருக்குச் சமைப்பது அலுப்பான வேலை. ஒரு கட்டுக் கீரை வாங்கினால் பாதி வாடும், ஒரு பாக்கெட் மாவு வாங்கினால் நாலு நாளும் தோசைதான். முதல் மாதம் ஆசையாகச் சமைப்பீர்கள், மூன்றாவது மாதம் ஸ்விக்கி, ஜொமேட்டோ, ஐந்தாவது மாதம் ராத்திரி பதினோரு மணிக்குப் பரோட்டா. தனியாகப் போவதற்கு முன் பக்கத்தில் நல்ல மெஸ் இருக்கிறதா என்று பாருங்கள். கேஸ் இணைப்புக்கு முகவரிச் சான்று அலைச்சல் வேண்டாமென்றால் 5 கிலோ சின்ன சிலிண்டரை அடையாள அட்டை காட்டியே வாங்கலாம், ஒருவருக்கு அது போதும்.

உடம்பு முடியாத நாள்தான் உண்மையான சோதனை. மழைக்காலத்தில் டெங்குக் காய்ச்சல் வந்து 103 டிகிரி அடிக்கிறபோது இளநீர் வாங்கிக் கொடுக்கவும் ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு போய் ரத்தப் பரிசோதனை எடுக்கவும் யார் வருவார்கள்? பத்து நிமிடத்தில் வரக்கூடிய ஒருவர் பெயராவது உங்களுக்குத் தோன்ற வேண்டும். தோன்றவில்லை என்றால் இப்போது தனியாகப் போகாதீர்கள், அல்லது அந்த ஒருவரின் வீட்டுக்குப் பக்கத்தில் வீடு பாருங்கள். மாற்றுச் சாவி ஒன்றை அவரிடமோ, நம்பிக்கையான பக்கத்து வீட்டுக்காரரிடமோ கொடுத்து வையுங்கள். தினமும் ஒரு நேரத்தில் வீட்டுக்குப் போன் பேசுகிற பழக்கமும் இருக்கட்டும், ஒருநாள் போன் வரவில்லை என்றால் யாராவது தேட வேண்டும்.

சென்னை என்பதால் வெள்ளத்தையும் சொல்லியே ஆக வேண்டும். 2015 டிசம்பரிலும், 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போதும் வேளச்சேரி, பள்ளிக்கரணை, பெரும்பாக்கம் பக்கமெல்லாம் தண்ணீர் நின்றது, பல இடங்களில் நாள் கணக்கில் கரண்ட் இல்லை, போன் சிக்னலும் இல்லை. அந்த நேரத்தில் கிரவுண்ட் ஃப்ளோரில் தனியாக இருப்பதும், முதல் மாடியில் இன்னொருவரோடு இருப்பதும் ஒன்றல்ல. எந்த வீட்டைப் பார்த்தாலும் தெருமுனை மளிகைக் கடைக்காரரிடம் அந்த இரண்டு வருடமும் தண்ணீர் எது வரை வந்தது என்று கேளுங்கள், புரோக்கரிடம் கேட்காதீர்கள். தனியாகப் போகிறவர்கள் முதல் மாடிக்குக் கீழே எடுக்க வேண்டாம்.

மனசு அடிக்கடி சோர்ந்துபோகிறவர், வேலை இழந்திருப்பவர், ஒரு பிரிவிலிருந்து இப்போதுதான் வெளியே வந்திருப்பவர் "கொஞ்ச நாள் தனியாக இருந்தால் சரியாகிவிடும்" என்று நினைத்துத் தனி வீடு எடுப்பதைப் பார்க்கிறேன். தயவுசெய்து அந்த நேரத்தில் வேண்டாம். யாராவது இருக்கிற வீட்டில் இருங்கள், பேசவில்லை என்றாலும் அடுத்த அறையில் ஒரு சத்தம் கேட்கட்டும். பேச வேண்டும் என்று தோன்றினால் 14416 என்ற டெலி மானஸ் (அரசின் மனநல உதவி) எண்ணுக்குக் கூப்பிடலாம், இலவசம்தான், தமிழிலேயே பேசலாம்.

வீடு கிடைப்பதும் முடிவை மாற்றும்

நீங்கள் ஒன்று முடிவெடுத்திருப்பீர்கள், ஊர் வேறொன்றைச் சொல்லும். "பேச்சிலருக்குக் கொடுக்கிறதில்லை" என்பது இன்னும் கேட்கிற பதில்தான். தனியாக இருக்கும் பெண் என்றால் "ஏன் தனியா, கல்யாணம் ஆகலையா, யாரெல்லாம் வருவாங்க" என்று விசாரணை நடக்கும். சைவம் மட்டும் என்ற பெயரில் சாதியைக் கேட்பதும், இஸ்லாமியப் பெயர் என்றதும் "வீடு போயிடுச்சே" என்று சொல்வதும் இந்த ஊரில் நடக்கிறது, எழுதவே கோபம் வருகிறது. இதில் சிக்குகிறவர்களுக்கு, ஏற்கெனவே குடியிருக்கிறவர்களோடு போய்ச் சேர்வது சில நேரம் சுலபமான வழி, ஏனென்றால் ஓனரிடம் அவர்கள் பேசுவார்கள். ஆனால் ஓனருக்குத் தெரியாமல் மட்டும் சேராதீர்கள், பிறகு காலி பண்ணச் சொன்னால் பேச உங்களுக்கு இடமே இருக்காது. பெரிய அபார்ட்மென்ட்களில், ஓனர் வெளியூரிலோ வெளிநாட்டிலோ இருக்கிற வீடுகளில் இந்த விசாரணை குறைவு. அதே காம்பவுண்டில் ஓனர் குடியிருக்கிற வீட்டில் வாடகை குறைவாக இருக்கலாம், கேட் பத்து மணிக்குப் பூட்டப்படும். ராத்திரி ஷிஃப்ட் இருக்கிறவர்கள் கேட் சாவி தருவார்களா என்று கேட்டுவிட்டு அட்வான்ஸ் கொடுங்கள்.

பேப்பர் வேலை

தமிழ்நாட்டில் வாடகைக்கு என்று 2017-இல் வந்த சட்டம் 2019 பிப்ரவரியிலிருந்து நடைமுறையில் இருக்கிறது. ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும், அதை வாடகை அதிகாரியிடம் பதிவு செய்ய வேண்டும் என்று அது சொல்கிறது. வேறு விதமாக ஒப்புக்கொள்ளாத வரை அட்வான்ஸ் மூன்று மாத வாடகைக்கு மேல் வாங்கக் கூடாது என்றும், காலி செய்த பின் ஒரு மாதத்துக்குள் பிடித்தம் போகத் திருப்பித் தர வேண்டும் என்றும் இருக்கிறது. ஐந்து, ஆறு, பத்து மாதம் என்று கேட்கிற ஓனரிடம் இதைச் சொல்லிப் பேசிப் பார்க்கலாம், மரியாதையாகச் சொன்னால் சிலர் இறங்கி வருகிறார்கள். அவசரத்துக்குக் கையெழுத்துப் போட்டுவிட்டால் "வேறு விதமாக ஒப்புக்கொண்ட" கணக்கில் நீங்கள் வந்துவிடுவீர்கள்.

சேர்ந்து இருப்பவர்கள் செய்ய வேண்டிய மிக முக்கியமான வேலை, ஒப்பந்தத்தில் எல்லோர் பெயரையும் போடுவது. ஒருவர் பெயரில் மட்டும் எடுத்துவிட்டு மற்றவர் அவருக்குப் பணம் கொடுப்பது ரொம்ப சாதாரணமாக நடக்கிறது, சண்டை வரும் வரை யாரும் யோசிப்பதில்லை. பெயர் இல்லாதவருக்கு அந்த வீட்டில் உரிமை இல்லை, ஓனரின் எழுத்துச் சம்மதம் இல்லாமல் உள்வாடகைக்கு விட்டதாகவும் ஆகிவிடலாம். பெயர் இருக்கிறவருக்கோ, மற்றவர் கட்டாத வாடகையும் தலையில் விழும். வாடகையை ஆளுக்கு ஆள் நேராக ஓனருக்கே ஜி-பேயிலோ வங்கி மூலமாகவோ அனுப்புங்கள். அட்வான்ஸில் யார் எவ்வளவு கொடுத்தார்கள் என்பதை ஒப்பந்தத்திலேயே ஒரு வரி எழுதச் சொல்லுங்கள். வருமான வரியில் பழைய முறையில் இருப்பவர்களுக்கு, சம்பளத்தில் வருகிற வீட்டு வாடகைப் படிக்கான (எச்.ஆர்.ஏ.) விலக்கு கிடைக்கும், அவரவர் கட்டிய பங்குக்கு அவரவர் ரசீது வேண்டும், வருட வாடகை ஒரு லட்சத்தைத் தாண்டினால் ஓனரின் பான் எண்ணும் வேண்டும். புது வரி முறையில் இருப்பவர்களுக்கு அந்த விலக்கு இல்லை.

லாக்-இன், அதாவது குறைந்தது இத்தனை மாதம் இருந்தே ஆக வேண்டும் என்று ஒரு வரி ஒப்பந்தத்தில் இருக்கிறதா என்று தேடிப் படியுங்கள். ஆறு மாதத்துக்குள் காலி செய்தால் ஒரு மாத வாடகை பிடிப்பேன், பெயின்டிங்குக்கு ஒரு மாதம் பிடிப்பேன் என்றெல்லாம் இருக்கும். தனியாக இருப்பவர் இதை எப்படியாவது தாங்கிவிடலாம். இருவர் என்றால் முதலில் கிளம்புகிறவர் அந்தப் பிடித்தத்தை ஏற்பாரா, கடைசியில் பூட்டுகிறவர் தலையிலா என்பதை நீங்கள் இருவரும் தனியாக ஒரு வாட்ஸ்அப் மெசேஜிலாவது எழுதி வைத்துக்கொள்ளுங்கள். அதே மெசேஜில் இன்னும் மூன்று விஷயம் எழுதுங்கள். கிளம்புவதற்கு இரண்டு மாதம் முன்பே சொல்ல வேண்டும். கிளம்புகிறவர்தான் புது ஆளைத் தேடித் தர வேண்டும், ஆனால் அந்த ஆளுக்கு இருக்கிறவர் சம்மதம் சொல்ல வேண்டும். புது ஆள் கொண்டுவருகிற அட்வான்ஸ் நேராகக் கிளம்புகிறவருக்குப் போகும், ஓனருக்கும் தெரிவித்துப் பெயரை மாற்றிவிட வேண்டும்.

பொருட்களைக் கூட்டாக வாங்காதீர்கள். ஃபிரிட்ஜ் ஒருவர், வாஷிங் மெஷின் ஒருவர் என்று முழுசாக ஒருவர் வாங்குங்கள், கிளம்பும்போது அவரவர் பொருளை எடுத்துக்கொண்டு போகலாம். பாதி ஃபிரிட்ஜுக்கு விலை பேசி முறிந்த நட்பு நிறைய இருக்கிறது. அன்றாடச் செலவுக்கு ஸ்பிளிட்வைஸ் மாதிரி ஒரு ஆப் போதும், மாதக் கடைசியில் ஒருமுறை தீர்த்துவிடுங்கள், பால் பாக்கெட்டுக்கும் கேன் தண்ணிக்கும் தினமும் கணக்குக் கேட்க வேண்டாம்.

உள்ளே போகிற அன்று, பெட்டியைப் பிரிப்பதற்கு முன் சுவர், குழாய், பாத்ரூம் டைல்ஸ், ஈ.பி. மீட்டர் ரீடிங் எல்லாவற்றையும் தேதியோடு போட்டோ எடுத்து ஓனருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பிவிடுங்கள். ரூம்மேட் மாறுகிற ஒவ்வொரு முறையும் மீட்டரை மட்டும் மறுபடி ஒரு போட்டோ எடுத்து, கிளம்புகிறவருக்கும் வருகிறவருக்கும் சேர்த்து அனுப்புங்கள். இரண்டு மாத பில்லில் யார் பங்கு எவ்வளவு என்று பிறகு கேள்வி வராது.